மிதிவண்டிப் பயண வழிகளும் நம் ஊர்ச் சாலையோரமும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் பால் கறக்கவும் வயலுக்கு நீர் பாய்ச்சவும் எழுந்து வருவோர், சிறு விளக்குகள் வரிசையாகத் தெற்கு நோக்கி விரைவதைக் கண்டிருப்பர். மோட்டார் ஓசை இராது. சங்கிலி உருளும் மெல்லிய ஒலியும், ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளும் இரண்டொரு சொல்லுமே கேட்கும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பேட்டைகளிலிருந்து நான்கரை மணியளவில் புறப்பட்டு, திருவான்மியூரைக் கடந்து, கோவளத்திற்கோ மாமல்லபுரத்திற்கோ செல்லும் மிதிவண்டிக்காரர்கள் அவர்கள்.

நம் பொறுப்பிலுள்ள ஊராட்சி ஒன்றின் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மை நோக்கி, “ஐயா, காரும் வசதியும் உள்ளவர்கள், நாம் கைவிட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பானேன்? அவர்கள் போகிற வழியை ஊராட்சி கவனிக்க வேண்டும் என்கிறீர்களே, அதனால் நமக்கு என்ன பயன்?” என்று வினவினார். வினா நியாயமானதே. அன்று கூட்டத்தில் நாம் அளித்த விடை அரைகுறையாக அமைந்துவிட்டது. விடுபட்டதை இங்கே எழுதுகிறோம்.

மிதிவண்டி நம் நாட்டுப்புறத்திற்குப் புதியதன்று. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றி, அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் ஏற்பட்டபொழுது கிராம சேவகர்கள் விதைப் பொட்டலத்தையும் பதிவேட்டையும் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சென்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அப்போது அங்கு ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். பின்னர் அரசு, பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. ஆகவே நகரத்தார் இன்று விருப்பத்தின் பொருட்டு மிதிக்கும் அதே வழியில் நம் பிள்ளைகள் கல்வியின் பொருட்டு மிதிக்கின்றனர் என்பதை முதலில் மனத்திற் கொள்வது நலம்.

நகரத்தார் செல்லும் வழிகளைச் சற்றே விவரிப்போம். அடையாற்றிலிருந்து கோவளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாமல்லபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பழகியவர் இரண்டு மணி நேரத்தில் மாமல்லபுரத்தை அடைந்துவிடுவர். முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல் ஏறும்போது மேற்கே உப்பங்கழியும் கிழக்கே முகத்துவாரமும் ஒருசேரத் தெரியும். அங்கே வண்டியை நிறுத்தாமற் செல்பவர் அரியர். திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என ஊர்கள் தொடரும். மேலும் செல்வோர் கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றைக் கடந்து, மரக்காணத்து உப்பளங்களின் வழியே புதுச்சேரி வரை செல்வர். பக்கிங்காம் கால்வாய் சாலைக்கு மேற்கே கூடவே வந்து மரக்காணத்தில் முடிவுறும்.

கடற்கரை வழி சமதரையானது. அங்கே ஏற்றம் இல்லை என்று எண்ணிவிடலாகாது, காற்றே ஏற்றம். கோடையில் தெற்கிலிருந்து சோழகம் வீசும்பொழுது போகும் வழி கடினமாகவும் திரும்பும் வழி எளிதாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று இதனை மாற்றிவிடும். உல்லாசமாகத் தெற்கே சென்றவர் திரும்புகையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை கொடுப்பர். நண்பகலை ஒட்டிக் கடற்காற்றும் வெயிலும் சேரும். இதனாலேயே அவர்கள் இருளிற் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப விரும்புகின்றனர். மீனவர் பெருமக்களுக்கு இதையெல்லாம் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடற்கரைச் சாலையில் ஊர்திகள் பெருகிவிட்டமையால், அண்மைக் காலமாக அவர்கள் உள்நாட்டு வழிகளை நாடுகின்றனர். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, மதுராந்தகம் ஏரிப் பக்கம், வேடந்தாங்கல் என்று அவ்வழிகள் செல்லும். உத்திரமேரூர் வரை சென்று, பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வருவோரும் உண்டு. ஊராட்சி உறுப்பினர்களில் எத்தனை பேர் அங்குச் சென்று அவற்றைப் பார்த்திருப்பர் என்று நாம் கேட்கத் துணியவில்லை. நாமே பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பார்த்தோம். இவ்வுள்வழிகளிற் பெரும்பகுதி மாவட்ட இதர சாலைகளும், ஒன்றியச் சாலைகளும், ஊராட்சிச் சாலைகளும் ஆகும். கடற்கரைப் பெருஞ்சாலையில் ஊராட்சிக்கு அதிகாரமில்லை. ஆனால் ஊராட்சிச் சாலைகள், சிறுபாலங்கள், வடிகால்கள், விளக்குகள் ஆகியன 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி ஊராட்சியின் கடமையே.

இவர்களுள் ஒரு சாரார் நெடும்பயணிகள். ‘மெட்ராஸ் ராண்டனர்ஸ்’ போன்ற குழுவினர் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திற்குள்ளும், 300ஐ 20 மணிக்குள்ளும், 400ஐ 27 மணிக்குள்ளும், 600ஐ 40 மணிக்குள்ளும் முடிக்க வேண்டும் என்ற விதியுடன் பயணம் செய்கின்றனர். பந்தயம் இல்லை, முதலிடம், இரண்டாமிடம் என்பதும் இல்லை. குறித்த இடங்களைக் குறித்த நேரத்திற்குள் கடந்ததற்குச் சான்று வேண்டும். நம் நாட்டிற் பெரும்பாலும் தானியங்கிப் பண இயந்திரத்தின் சீட்டோ, கடையில் வாங்கிய ரசீதோ சான்றாகும். இவ்வழக்கம் பிரான்சு நாட்டினின்றும் வந்தது. அங்கே பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று மீளும் 1,200 கிலோமீட்டர்ப் பயணம் 1891ஆம் ஆண்டில் தொடங்கியது. இப்பொழுது நான்காண்டுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டிலும் நடந்தது. அதற்கு 90 மணி நேரம் அளிக்கப்படுகிறது. இரவு முழுவதும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். அவ்வழியிலுள்ள சிற்றூர் மக்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, தண்ணீரும் காப்பியும் பலகாரமும் வைத்துக்கொண்டு முன்பின் அறியாதவர்களுக்காக விழித்திருப்பார்கள். தண்ணீர்ப்பந்தல் வைக்கும் வழக்கமுடைய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இனி, முக்கியமான பகுதிக்கு வருவோம். நகரத்து மிதிவண்டியின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலமே உடையது. ஏறத்தாழ நம் கைப் பெருவிரலின் தடிப்பு. நம் ஊர்ச் சைக்கிளின் டயர் அதனினும் அகலமானது. காற்றும் அத்துணை இறுக்கமாக அடைப்பதில்லை. மெல்லிய டயர் விரைந்து ஓடும். ஆனால் சாலையின் குறைகளை நமக்கு முன்னதாகவே கண்டுபிடித்துவிடும். வண்டி செல்லும் திசைக்கு இணையாகக் கம்பி வைத்த வடிகால் மூடியில் அது சிக்கிக்கொள்ளும். அதற்குக் கம்பிகளைக் குறுக்காக அமைப்பதே பரிகாரம், செலவு ஒன்றுமில்லை. வேலிகாத்தான் என்னும் சீமைக் கருவேலத்தை வெட்டிச் சாலையோரமாக இழுத்துச் சென்றபின் உதிர்ந்து கிடக்கும் முட்களையும் அதுவே முதலில் காணும். ஆனால் அம்முள் பள்ளிச் சிறுமியின் சைக்கிளையும் விட்டுவைப்பதில்லை. வெட்டிய நாளே சாலையைப் பெருக்கிவிடும்படி வெட்டுவோரிடம் சொல்லி வைத்தல் போதுமானது.

சாலையோரமே பெரிய குறை. பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் இதனைப் ‘பெர்ம்’ என்பர். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்படும் சாலையில் பொதுவாகத் தார்த்தளம் 3.75 மீட்டர், மொத்த அகலம் 7.50 மீட்டர். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் மண்ணோரம் இருத்தல் வேண்டும். போக்குவரத்துக் குறைந்த சாலைகளில் தளம் 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர். இந்த மண்ணோரம் காகிதத்தில் இருக்கிறது. தரையில் மழை அதனை அரிக்கிறது. டிராக்டர் சக்கரம் அதனைத் தகர்க்கிறது. வரப்பை வெட்டுவோர் ஆண்டுக்கொரு கைப்பிடி அதனைக் குறைக்கின்றனர். இதனிடையே தார்த்தளம் மட்டும் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் உயர்கிறது. இரண்டு மூன்று முறை புதுப்பித்தபின் தளத்திற்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடைப் பள்ளம் விழுந்துவிடுகிறது.

நான்கு விரற்கடை என்ன செய்துவிடும் எனலாம். பின்னால் லாரி ஒலியெழுப்புகிறது. சைக்கிளில் செல்பவர் இடப்புறம் ஒதுங்குகிறார். முன்சக்கரம் தளத்தைவிட்டுப் பள்ளத்தில் இறங்குகிறது. உடனே மேலே ஏற வேண்டிக் கைப்பிடியைச் சற்றே வலப்புறம் திருப்புகிறார். சக்கரம் தளத்தின் விளிம்பில் உராய்ந்துகொண்டு ஓடுமேயன்றி ஏறாது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பது, கைப்பிடியை இம்மியளவு இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பதனால்தான். விளிம்பு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டவுடன் அந்தத் திருப்பம் நின்றுபோகிறது. உடல் வலப்புறம் சாய்கிறது. விழுவது மண்ணிலன்று, சாலையில், லாரிக்கு முன்னால். ஆகையால் அப்படி இறங்கிவிட்டவர் உடனே ஏற முயலாமல், வேகத்தைக் குறைத்து நின்று, இறங்கி, வண்டியைத் தூக்கி வைத்து ஏறுதல் வேண்டும். பள்ளிகளில் சைக்கிள் வழங்கும் நாளன்றே தலைமையாசிரியர் இதனைச் செய்து காட்டச் செய்தல் மிக நன்று.

நமக்கு இது எவ்வாறு தெரிந்தது என்பதையும் மறையாமல் சொல்லிவிடுகிறோம். நம் பொறுப்பிலுள்ள ஓர் ஊரில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாலை வகுப்பு முடித்து வருகையில் இவ்வாறே விழுந்து கை ஒடிந்தாள். பின்னால் வந்த லாரி தக்க சமயத்தில் நின்றமையால் உயிர் தப்பியது. அவள் தந்தை சைக்கிளைத் திண்ணையில் சார்த்தி வைத்துவிட்டார். பேருந்து வரும் நேரத்திற்கு வகுப்பு முடியாமையால், மாலை வகுப்பு அவளுக்கு நின்றுபோயிற்று. அதுபற்றி நம்மிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள், நாமும் வருந்தினோம், அவ்வளவே. ஏழு மாதங்களுக்குப் பின், அடையாற்றிலிருந்து வந்த மிதிவண்டிக்காரர் ஒருவர் அதே இடத்தில் விழுந்தார். சிறு சிராய்ப்புத்தான். அவர் படமெடுத்து, இடத்தைக் குறித்து, மேலிடத்திற்கு மனு அனுப்பினார். பத்து நாட்களில் நம் மேசைக்குக் கோப்பு வந்தது. அடுத்த மாதத்தில் மண்ணோரம் நிரப்பப்பட்டது. பணி முடிந்ததைப் பார்வையிடச் சென்றபோது அம்மாணவியின் தந்தை அங்கே நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூத்த உறுப்பினரின் வினாவுக்கு நாம் சொல்லாமல் விட்டது இதுவே. நகரத்தார் வருவதால் நமக்குள்ள முதற்பயன், நம் குறையை எழுதி அனுப்பத் தெரிந்த ஒருவர் நம் சாலையில் செல்கிறார் என்பதே. அக்குறையை நாமே எழுதியிருக்கலாம் என்பது வேறு.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர்ச் சாலைக்கு இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் நிரப்புவதாகக் கொள்வோம். 300 கனமீட்டர், அதாவது நாம் வழங்கும் கணக்கில் சுமார் 106 யூனிட் கெட்டிப்பட்ட மண் தேவை. தளர்ந்த மண் கெட்டிப்படும்போது அமுங்குமாகையால், ஏறத்தாழ நாலிலொரு பங்கு கூடுதலாகக் கொள்ளல் வேண்டும். வெறும் களிமண்ணும் ஆற்றுமணலும் பயன்படா. சரளை கலந்த செம்மண்ணே தக்கது. தளத்தைவிட மண்ணோரத்திற்குச் சற்று அதிகச் சரிவு கொடுத்தால் நீர் தேங்காது. மண்ணைக் கொட்டிவிட்டு உருளையிட்டு அழுத்தாமல் போவது, கொட்டாமல் இருப்பதினும் தீது. முதல் மழையில் அது வடிகாலுக்குள் போய்விடும். தளத்தைப் புதுப்பிக்க மதிப்பீடு தயாராகும்பொழுதே மண்ணோரத்தையும் அதிற் சேர்க்கும்படி மன்றத்தில் தீர்மானம் இயற்றி அனுப்பலாம். ஒப்பந்தக்காரர் சென்றபின் கேட்பது பயனற்றது.

விவசாயப் பெருமக்கள் சினங்கொள்ளாமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. அது சாலையில் நெல் உலர்த்துவது. களம் இல்லாதபோது விளைந்த நெல்லை எங்கே கொட்டுவது? ஈரப்பதம் மிகுந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், வானமோ மூடியிருக்கிறது. சூடேறிய தார்ச்சாலையைப் போல விரைவில் உலர்த்தும் இடம் வேறில்லை. இதை நாம் அறிவோம். சாலையில் நெல்லைக் கண்டவுடன் விவசாயியைக் கடிந்துகொள்ளும் நகரத்தாரிடம் நாம் இதைச் சொல்லியும் இருக்கிறோம். ஆயினும் உயிருக்கு ஆபத்து நெல்லினால் விளைவதைவிட, நெல்லைக் காக்க வைக்கும் கல்லினால் விளைவதே மிகுதி. நெல்லை அள்ளிய பிறகும் கற்கள் அங்கேயே கிடக்கின்றன. இருட்டில் வரும் சைக்கிளுக்கு முன்விளக்கு இருந்தாலும் கருங்கல் தார்ச்சாலையில் தெரிவதில்லை. நாமே ஒரு மாலை இரு சக்கர ஊர்தியில் அத்தகைய கல்லின்மேல் ஏறி விழுந்து, மூன்று நாள் விடுப்பில் இருந்தோம்.

களம் அமைப்பதே இதற்கு முடிவான வழி. ஊராட்சியில் புறம்போக்கு நிலம் இருப்பின், வெயில் நன்றாகப் படும் மேட்டுப்பாங்கான இடத்தைத் தேர்ந்து, சிமெண்டுக் களம் கேட்டுத் தீர்மானம் அனுப்பலாம். மர நிழலிலும் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் அப்பாலும் களம் கட்டினால் எவரும் அங்கே செல்லார். அத்தகைய களங்களில் எருமுட்டை காய்வதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். களம் அமையும் வரை, சாலையின் ஒரு பாதியில் மட்டும் உலர்த்துதல், வளைவிலும் பாலத்தின் மேலும் உலர்த்தாதிருத்தல், கல்லுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசிய மணல் மூட்டைகளை வைத்தல், மாலையில் எடுத்துவிடுதல் ஆகியவற்றை ஊர்க் கட்டுப்பாடாகவே கொள்ளலாம்.

வேகத்தடைகளைப் பற்றியும் சில சொற்கள். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, ஆமை முதுகுபோல் வளைந்திருத்தல் வேண்டும். அதற்கு 40 மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை நடவேண்டும். வெள்ளைக் கோடுகளும் தேவை. நம் ஊர்களில் விபத்து நடந்த அன்றிரவே ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும் தடை, அடுத்த விபத்துக்கு வழி செய்கிறது. கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிச் செல்லும் ஊர்திக்கும் அது கேடு.

மலைவழிகள் வேறு தன்மையன. சென்னையார் பலர் இரயிலிலோ காரிலோ வண்டியை ஏற்றிச் சென்று ஏலகிரியில் ஏறுகின்றனர். நெடும்பயணிகள் வீட்டு வாசலிலிருந்தே மிதித்துச் செல்வதும் உண்டு. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் முதலியோர் பெயர்களைச் சூட்டியுள்ளனர். மூச்சு வாங்க ஏறுபவருக்குப் பாரி, காரி என்று படித்துக்கொண்டே ஏறுவது ஒருவகை ஆறுதல்போலும். ஜவ்வாது மலையில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் வழியும் அவர்களுக்கு உகந்தது. நீலகிரியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில் அவ்வேற்றம் புகழ்பெற்றது.

மலையில் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் உள்ளது. தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறி டியூப் வெடித்தலும் உண்டு. விட்டுவிட்டு அழுத்துதலே முறை. மலையேறும் ஊர்திக்கு இறங்குபவர் வழிவிடுதல் வேண்டும் என்பது சாலை விதி. மலை ஊராட்சிகள் செய்யத்தக்கது, பருவமழைக்கு முன் உட்பக்கக் கால்வாயைத் தூர் வாருவதாகும். அது அடைபட்டால் நீர் சாலையின் குறுக்கே பாய்ந்து வளைவில் சரளையைப் பரப்பிவிடும். சாமையையும் கேழ்வரகையும் சாலையில் பரப்பி ஊர்திகளை ஏறச் செய்து அடிப்பது மலையூர்களில் காணப்படுகிறது. வளைவுக்கு அடுத்து அதைப் பரப்பினால், இறங்கி வருபவர் தாள்மேல் வழுக்கி மதிற்சுவரைத் தாண்டிப் போவார். நேரான, தொலைவிலிருந்தே தெரியும் இடத்தைக் குறித்துவிடலாம்.

வருவோரால் ஊருக்கு வருமானம் உண்டா என்று கேட்கின்றனர். பெருவருமானம் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஆறு மணிக்கே இட்லியும் தேநீரும் தரும் கடைக்கும், இளநீர், வாழைப்பழம், வேர்க்கடலை மிட்டாய் விற்பவருக்கும் ஞாயிறுதோறும் கணிசமான வியாபாரம் நடக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு ஒன்று மனம் வைத்தால் இதனை நடத்தலாம். அவர்கள் வேண்டுவன, குடிநீர், நிழல், காற்றடிக்கும் பம்பு, கழிப்பிடம் ஆகியவையே. பெண்கள் பலர் இப்பொழுது மிதிவண்டிப் பயணம் வருகின்றனர். ஊராட்சியின் சுகாதார வளாகம் எட்டு மணிவரை பூட்டிக் கிடந்தால் அவர்களுக்கு மட்டுமன்று, விடியலில் நாற்று நடவுக்குச் செல்லும் நம் ஊர்ப் பெண்களுக்கும் அது பயன்படாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கதவிலேயே எழுதி வைத்தல் ஒரு மணி நேர வேலை.

நகரத்து அன்பர்களுக்கும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. ஊருக்குள் வரும்போது மூவர் நால்வராக இணைந்து சாலையை அடைத்துச் செல்வது முறையன்று. கண்ணைப் பறிக்கும் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி வைக்கலாம். கறவை மாடு மிரள்கிறது. காலிப் புட்டியையும் பழைய டியூபையும் வரப்பில் எறிந்துவிட்டுப் போகலாகாது.

மேற்சொன்ன ஊராட்சியில், கூட்டம் முடிந்த மறுவாரம் உறுப்பினர்களும் நாமும் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, பள்ளிக்குச் செல்லும் மூன்று கிலோமீட்டர்ச் சாலையை நடந்து அளந்தோம். மூன்று விரற்கடைக்கு மேல் பள்ளம் உள்ள இடங்கள் பதினொன்று என்று குறித்தோம். வினா எழுப்பிய மூத்த உறுப்பினரே அளவுகோலைப் பிடித்திருந்தார். அவற்றுள் இரண்டு அவர் வயலை ஒட்டியவை. வரப்பை முன்னிருந்த கோட்டுக்கே நகர்த்திவிடுவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார். களத்திற்கான இடத்தை அளந்து கல் நட்டாகிவிட்டது. எஞ்சிய ஒன்பது இடங்களுக்கு மதிப்பீடு தயாராகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செம்மண் இறக்க வேண்டும்.